வண்டி எங்கே வந்து நிக்குது?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் சேதி சொல்ல ஓடினவன் நம்ம ஆள்தான். ராத்திரியோ மழையோ, பத்து ஊருக்கு நடந்தே போகணும். வாசலுக்கு வெளியே நின்னு, 'இன்னார் தவறிட்டாங்க சாமி' என்று சொல்லிவிட்டு, போட்ட நெல்லைத் துண்டில் வாங்கிக்கிட்டுத் திரும்பணும். என் தாத்தா அந்த வேலையைச் செய்தவர். பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் பக்கம் அவர் கால் படாத வண்டிப்பாதை கிடையாது. ஊர்க்காரன் செத்த சேதி விடியறதுக்குள்ள பத்து ஊருக்குப் போய்ச் சேர ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார்கள். சேரியில் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தால் அதைச் சொல்ல என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள்? ஒண்ணும் கிடையாது.

1986இல் எங்கள் சின்னாயிக்குப் பிரசவ வலி வந்தது. ராத்திரி முழுக்கத் துடித்தது. மருத்துவச்சி கையை விரிச்சிட்டாங்க. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். பஸ் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் அரை மைல். 'ரத்தத் தீட்டோட தெருவுல வராதீங்க' என்று சொல்லிவிட்டார்கள். ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் இரண்டு மைல். நான் சின்னப் பையன், முன்னால் அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். பாதிக் கரையிலேயே சின்னாயி பேச்சு நின்னு போச்சு. கட்டிலை அப்படியே திருப்பிக்கிட்டு வந்தோம்.

இதைப் படித்தவுடனே சிலர் சொல்வார்கள்: அதெல்லாம் பழைய கதைப்பா, இப்பதான் 108 வந்தாச்சே. வந்துதான் இருக்கிறது. நல்லது வந்தால் நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியது. காசு கேட்காமல், சாதி கேட்காமல், போன் அடித்தால் வருகிற வண்டி நம் மக்களுக்கு வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அந்த வண்டியில் எத்தனையோ சேரிக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. அந்த வண்டி எங்கே வந்து நிக்குது என்பதுதான் என் கேள்வி.

2023இல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பெரிய்யா அடுத்தவன் மக்காச்சோளக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருந்தார். ராத்திரியில்தான் மோட்டாருக்குக் கரண்டு விடுகிறார்கள். வரப்பில் கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. தம்பி 108க்கு அடித்தான். போன் உடனே கிடைத்தது. எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

'எந்த மாவட்டம் சார்? தாலுக்கா? எந்த ஊர்?'

சொன்னான்.

'ஊர்ல எந்த இடம்?'

'காலனிங்க.'

'எந்தக் காலனி சார்? பக்கத்துல ஏதாவது அடையாளம் சொல்லுங்க.'

என்ன அடையாளம் சொல்வான்? எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. கடைசியில் 'மாரியம்மன் கோயில்' என்றான். நாங்கள் உள்ளே போக முடியாத கோயில்தான் எங்கள் உயிருக்கு அடையாளம்.

வண்டி இருபத்தைந்து நிமிசத்தில் வந்துவிட்டது. கோயில் முன்னால் வந்து நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. கோயிலிலிருந்து காலனிக்கு வருகிற பாதையில் சின்னப் பாலம் இடிஞ்சு ரெண்டு மழைக்காலம் ஆச்சு. சேத்துல ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளாது. வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் ஒரு சின்னப் பொண்ணு, இருபத்து நாலு வயசு இருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் எங்களைப் பார்த்து ஓடி வந்தது. அதற்குள் நாங்கள் பெரிய்யாவைத் தூக்கி, பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தன் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டோம். கடிபட்ட கால் தொங்கி ஆடிக்கிட்டு வருது.

அந்தப் பொண்ணு பதறிப் போச்சு. 'ஏண்ணே பைக்ல வெச்சீங்க? கடிபட்ட காலை அசைக்கவே கூடாதுன்னு தெரியாதா?' என்று கேட்டது. கேட்டது சரிதான். பாம்பு கடித்தவரை நடக்க விடக்கூடாது, கடித்த இடத்தைக் கீறக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரி கட்டை வைத்து, அசையாமல், படுத்த நிலையில் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிற விதிமுறை அது. 'ரோடு இல்லம்மா' என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. அந்த விதிமுறையில் ஒரு தப்பும் கிடையாது. அதை எழுதினவர்கள், நோயாளியின் வீட்டு வாசல்வரை வண்டி வரும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. முதலில் கொண்டுபோன இடத்தில் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விஷமுறிவு மருந்து அடுத்த இடத்தில்தான் போட்டார்கள். கடித்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. கிட்னி கெட்டு, திருச்சியில் மூணு வாரம் டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. நம் ஜனங்கள் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். 108 கணக்குப்படி அந்த ராத்திரி எல்லாமே சரியாக நடந்திருக்கிறது. போன் வந்த நேரம், வண்டி கிளம்பின நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் எல்லாம் எழுதியாச்சு. இருபத்தைந்து நிமிசம் என்பது கிராமத்துக்கு மோசமில்லை. ஆனால் கோயிலிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் உள்ள தூரம் எந்தக் கணக்கில் இருக்கிறது? முதல் ஆஸ்பத்திரியிலிருந்து ஊசி போட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் போன நேரம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அவர்களுடைய கடிகாரத்தில் விழுவதே இல்லை.

தோழர்களே, வண்டியும் வைத்தியமும் நமக்கு எப்படி மறுக்கப்பட்டது என்று பாபாசாகேப் அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் சொல்லும் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு சம்பவங்கள் உள்ளன. இரண்டும் 1929ஆம் ஆண்டு நடந்தவை.

ஒன்று சாளிஸ்காவில். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் ஓர் உறுப்பினர். ரயிலை விட்டு இறங்கினால், மகர் சேரிக்கு அவரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் குதிரை வண்டிக்காரனும் தயாராக இல்லை. லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், அரசாங்கக் குழுவின் உறுப்பினர், ஆனாலும் தீட்டு. வந்த விருந்தாளியை நடக்க விடக்கூடாது என்று சேரிக்காரர்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்துக் கல்லில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுந்தன.

இன்னொன்று கத்தியவாரில். ஒரு தலித் ஆசிரியரின் மனைவி குழந்தை பெற்ற சில நாளில் காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்றார். பெரிய மனிதர் ஒருவர் சிபாரிசு செய்து, ஃபீஸ் முன்கூட்டியே கொடுத்த பிறகு சேரிக்கு வெளியே வரைக்கும் வந்தார். பிரசவித்த பெண்ணை வெளியே தூக்கிவந்து காட்ட வேண்டும். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் புருசனிடம் கொடுத்தார். புருசன் மனைவிக்கு வைத்து, அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அந்தப் பெண் செத்துப் போனாள்.

அன்றைக்குச் சாளிஸ்காவில் வண்டி வரமாட்டேன் என்றது. கத்தியவாரில் டாக்டர் சேரி எல்லையில் நின்றார். இன்றைக்கு வரமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வழக்காகிவிடும். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் வண்டி நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை. அன்றைக்குத் தீட்டு நிறுத்தியது. இன்றைக்கு இடிந்த பாலமும், போடாத ரோடும், பெயர் இல்லாத தெருவும் நிறுத்துகின்றன. அந்தப் பாலத்தை இடிஞ்சபடியே விட்டு வைத்தது யார்? ஊர்ப் பக்கம் சிமெண்ட் ரோடு ரெண்டாவது தடவை போட்டாச்சு.

அவசர சிகிச்சை என்கிற கலையின் அடிப்படையே சாதிக்கு எதிரானது என்று நான் சொல்வேன். பிரெஞ்சுக்காரன் நெப்போலியனுடைய படையில் லாரே என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். போர்க்களத்துக்குள்ளேயே வேகமாக ஓடுகிற குதிரை ஆம்புலன்சை ஏற்படுத்தியவர் அவர்தான். பதவி என்ன, எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவனுக்கு முதலில் வைத்தியம் என்று விதி வைத்தார். அந்த விதிதான் இன்றைக்கு உலகம் பூராவும் இருக்கிறது. பெரிய விபத்து நடந்தால் அடிபட்டவர்களுக்கு நான்கு நிறத்தில் அட்டை மாட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் கொஞ்சம் தாங்கும். பச்சை காத்திருக்கலாம். கருப்பு என்றால் காப்பாற்ற வழியில்லை. அங்கேயும் நாலு பிரிவுதான், ஆனால் பிறப்பைப் பார்த்துப் போட்ட பிரிவு கிடையாது. மூச்சு ஓடுதா, ரத்தம் கொட்டுதா என்று பார்த்துப் போட்டது. யார் கீழே கிடக்கிறானோ அவன்தான் வரிசையில் முதல் ஆள். மனு எழுதி வைத்ததற்கு இது நேர் எதிர்.

அதனால்தான் இந்த விதிமுறைகளை நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். எங்கெங்கே அது நம்மிடம் வராமல் நிற்கிறது என்று பார்ப்போம். மூன்று இடத்தில் நிற்கிறது.

முதல் இடம், தெரு. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அரசு அறிவித்தது. அந்தச் சொல் வசவாக மாறிவிட்டது என்பதால் நீக்குகிறோம் என்றார்கள். வரவேற்போம். ஆனால் பெயரை எடுத்துவிட்டு என்ன வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பலகையில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அந்தப் பெயர், தெரு, வீட்டு எண், வண்டி நுழைகிற வழி எல்லாம் 108 கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்தில் ஏற வேண்டும். பேரைத் தொலைத்துவிட்டு வேறு பேரும் கொடுக்காவிட்டால், ராத்திரி போன் பண்ணுகிற பையன் இன்னும் அதிகமாகத் திண்டாடுவான். 2011 கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். இங்கே சேரி என்பது ஏதோ ஓர் ஓரம் கிடையாது, மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம்.

இரண்டாவது இடம், கலவரம். சம்பவ இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது மருத்துவ உதவியாளர்களுக்கு முதல் பாடம். அடிதடி நடக்கிற இடம் என்றால் போலீசு வரும்வரை வண்டி தள்ளி நிற்கும். அந்தப் பொண்ணு உயிரும் உயிர்தான், அந்த விதி தேவைதான். ஆனால் சேரியைக் கொளுத்துகிற அன்றைக்குப் போலீசு எப்போது வரும் என்று நமக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு அன்றைக்கு, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகளை உடைத்தார்கள், மக்களை அடித்தார்கள். அந்த மாதிரி நாளில் ஊர் முகப்பைத் தாண்டாமல் சேரிக்குள் வண்டி வர வேறு பாதை உண்டா? போலீசு வந்து வண்டியை உள்ளே கூட்டிக்கொண்டு போக எத்தனை நிமிசம்? இது மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டிய விசயம். வண்டி காத்து நின்ற நேரத்தையும் அதற்குக் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். யார் தாமதம் செய்தார் என்று அப்போது தெரியும்.

மூன்றாவது இடம், 'ரெஃபர்'. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுக்கா ஆஸ்பத்திரி, அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து திருச்சியோ தஞ்சாவூரோ. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு. உயிரைத் தாங்குகிற அளவு வைத்தியம் கொடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தை முதல் இடத்திலேயே தொடங்கிவிட்டு அனுப்ப வேண்டும். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பது யார் தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கியது. பழங்குடி மக்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக் கொடுக்கிற விஷத்தில் செய்த மருந்து, நம்ம பெரிய்யா காலுக்கு நாலு மணி நேரம் வந்து சேரவில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. எண்ணிக்கை இனி வரும். கடித்த நேரத்துக்கும் முதல் ஊசி போட்ட நேரத்துக்கும் இடையில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

'ரெஃபர்' பற்றி நீதிமன்றம் பேசாமல் இல்லை. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். வசதி இல்லை, படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் கடன்பட்டுப் பிழைத்தார். விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவசர சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்றது. காசில்லை என்று அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்றது. எங்கே படுக்கை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மையத் தொடர்பு வேண்டும், ஆம்புலன்சில் கருவியும் ஆளும் வேண்டும் என்றது. நமக்கு 108 வந்தது அதற்குப் பன்னிரண்டு வருசம் கழித்து. இந்தத் தீர்ப்பை வாங்கிக் கொடுத்தது டாக்டர்கள் சங்கம் இல்லை. கூலிக்காரர்கள் சங்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை என்று 2021 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பார்க்கலாம். நல்ல திட்டம். ஆனால் அது ரோட்டுக்கு மட்டும். வயலில் விழுகிறவருக்கு? பெரம்பலூர் என்றால் பருத்தி, மக்காச்சோளம். மருந்தடிக்கிறது யார், நிலம் வைத்திருப்பவனா? 2017இல் இதே பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் அந்த நெடியிலேயே விழுந்து இறந்தார்கள். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு அடிக்கிறோம். ரோட்டில் போகிறவனுக்கு உள்ள 48 மணி நேரம் காட்டில் வேலை செய்கிறவளுக்கு ஏன் இல்லை?

அடுத்து, அந்த வண்டியில் யார் வேலை செய்கிறார்கள்? வண்டி அரசுடையது, பணம் அரசுடையது, நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பன்னிரண்டு மணி நேர வேலை. அரசு ஊழியர் கிடையாது. ஆகவே இடஒதுக்கீடும் கிடையாது. தமிழ்நாட்டின் 69 சதவீதத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அரசு வேலையையே வெளியில் கொடுத்துவிட்டால் அந்த 69 எதில் போய் உட்காரும்? அரியலூர் மாவட்டத்துக்காரிதான் குழுமூர் அனிதா. 1200க்கு 1176 மார்க் எடுத்தும் நீட் வந்து தடுத்ததால் டாக்டர் ஆக முடியாமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டாள். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அவள் இல்லை. டாக்டர் வேலைக்கு நீட் ஒரு கதவு, ஆம்புலன்ஸ் வேலைக்கு ஒப்பந்தம் ஒரு கதவு. ரெண்டும் நம் முகத்தில்தான் சாத்துது.

இந்த வேலை எங்கே பிறந்தது என்று தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது கருப்பின மக்கள் பகுதி. அங்கே யாராவது விழுந்தால் போலீசு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் பிண வண்டி வரும். பின்னால் வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற பெயரில் அந்த மக்களே ஆம்புலன்ஸ் தொடங்கினார்கள். பீட்டர் சஃபார் என்ற டாக்டர், வேலையில்லாத கருப்பின இளைஞர்களைச் சேர்த்து முந்நூறு மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பலபேர் பள்ளிக்கூடம்கூட முடிக்காதவர்கள். வண்டிக்குள்ளேயே மூச்சுக் கொடுப்பது, மருந்து ஏற்றுவது, இதயத்தை மறுபடி ஓட வைப்பது எல்லாம் செய்தார்கள். நான்சி கரோலைன் என்ற டாக்டர் அவர்களோடு வேலை செய்து எழுதிய பாடத்திட்டம் அந்த நாட்டு முழுமைக்கும் பாடமானது. இன்றைக்கு 108இல் ஓடி வருகிற பொண்ணு கற்றதும் அந்த மரபில் வந்ததுதான். அப்புறம் என்னாச்சு? 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுசை மூடியது. கற்றுக் கொடுத்த கருப்பினத்தவர்களைப் பரீட்சை, தகுதி என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார்கள். தகுதி, தகுதி. இந்தச் சொல்லை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா?

சரி, அரசு செய்யும்வரை நாம் என்ன செய்வது? ஒவ்வொரு சேரியிலும் இயக்கத் தோழர்கள் உடனே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

தெருவுக்குப் பெயர் வையுங்கள். கிராமசபையில் தீர்மானம் போட்டு, பலகை நட்டு, வீட்டு எண் எழுதுங்கள். வண்டி வருகிற வழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை 108க்கு அடித்து, மாவட்டம், தாலுக்கா, ஊர், தெரு, எந்த ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். ஒருத்தர் டார்ச் லைட்டோடு ரோட்டு முனையில் போய் நிற்க வேண்டும்.

பத்து இளைஞர்கள் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் அசைக்காதே, கீறாதே, இறுக்கிக் கட்டாதே. பூச்சிமருந்து பட்டால் துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவு, வாந்தி எடுக்க வைக்காதே. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்து. கழுத்தில் அடிபட்டவரைத் தலையைப் பிடித்துத் தூக்காதே. ஒரு மரப்பலகை, இரண்டு கழி, ஒரு கெட்டிப் போர்வை சேரிப் பொது இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

அடித்து வெட்டிப் போட்டால் ஆஸ்பத்திரியில் 'விழுந்துட்டார்' என்று சொல்லாதீர்கள், பயந்து போய்ச் சொல்கிறோம். அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். பதிவு போடும்போது யார் அடித்தார், எதனால் அடித்தார், எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுத வையுங்கள், நகல் கேளுங்கள். 108 வண்டியில் எழுதுகிற நோயாளிப் பதிவிலும் அதையே சொல்லுங்கள். வன்கொடுமை வழக்கு பின்னால் நீதிமன்றத்தில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த முதல் மணி நேரத்துக் காகிதத்தில்தான்.

வண்டி வராத தேதி, நின்ற இடம், திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரி, ஊசி போட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒரு வருச நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசு குறைதீர்க்கும் நாளுக்குப் போவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்கள் கணக்கைக் கேட்போம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுவோம்.

1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இன்றைக்கும் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். ஒரே நாளில் செத்தால் அது விபத்து, மந்திரி போகணும். எங்கள் ஊர் இடிந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் வருசத்துக்கு ஒண்ணு, ரெண்டு என்று போனால் அது விதி. இதற்கு யாரும் ராஜினாமா செய்ய வேண்டாம். பாலத்தைக் கட்டினால் போதும்.

என் தாத்தா ஊரான் வீட்டுச் சாவுக்குச் சேதி சொல்லி ஓடினார். அன்றைக்கு ராத்திரி சேற்றில் பையோடு ஓடி வந்த அந்தப் பொண்ணு யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பையை மாட்டிக்கொண்டு, அரசுச் சம்பளத்தோடு, இடஒதுக்கீட்டு உரிமையோடு, ஊர் சேரி இரண்டுக்கும் ஓட வேண்டும். அன்றைக்கு வண்டி கோயில் முன்னால் நிற்கக்கூடாது. வாசலில் வந்து நிற்க வேண்டும்.